அத்தானின் டோன், என் காத்தாடி

அக்கா வீட்டு மாடி அறைக்குப் பூட்டு போட்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்த்தேன். அதுவரை அந்த அறை பூட்டிக் கிடந்ததே இல்லை. திடீரென்று தூறல் விழுந்தால் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு வந்து அதற்குள்தான் எறிவோம். பூட்டு புத்தம்புதிதாக இருந்தது. சாவித்துளையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் காயவில்லை.

"என்னக்கா, புதுசா பூட்டு?" என்று கீழே வந்து கேட்டேன்.

அக்கா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எலி வருதுன்னு அவிய பூட்டிட்டாவ" என்றாள்.

பூட்டுப் போட்டால் எலி வராமல் இருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் சலிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவளுக்கு விஷயம் தெரியும், என்னிடம் சொல்ல அவளுக்கு மனமில்லை என்பது மட்டும் புரிந்தது.

அந்த அறையில்தான் அத்தானுடைய கீபோர்டுகள் இருந்தன. அத்தான் கோவில்பட்டியில் ஒரு இன்னிசைக் குழு வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே மேடை போட்டாலும் போவார்கள். குழுவில் கீபோர்டு அவர்தான். நான் பசுவந்தனைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை. மேடை ஏறியது கிடையாது. வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அங்கங்கே பிடித்த சத்தங்களை வெட்டி, இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று போட்டு இசை செய்வேன். அதில் பாட்டு இருக்காது, வார்த்தையும் இருக்காது. அம்மாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சிட்டா, இனிமேதான் ஆரம்பிக்கணுமா?" என்றாள்.

பூட்டு விழுந்ததற்குக் காரணம் அப்படி நான் செய்த ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. திருநெல்வேலியில் என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் குறும்படம் எடுத்திருந்தான். அதன் தொடக்கத்தில் வெறும் கரிசல் காட்டைக் காட்டுகிற இடத்துக்கு என் இசையைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தான். அடியில் ஒரு கனத்த சத்தம், வூம், வூம் என்று பெரிய வயிறு மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கும். மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி மாதிரி சில சத்தங்கள். அவ்வளவுதான். படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. சித்தி கைகூப்பினாள், மதுரை மாமா கட்டைவிரலைத் தூக்கினார், எங்கோ வளைகுடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் தன் குரலில் வாழ்த்து அனுப்பினான். அத்தானிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. சாதாரணமாக யாராவது காலை வணக்கம் போட்டால்கூடப் பதில் போடுகிற மனிதர் அவர்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு அத்தான் என்னை மாடிக்கு வரச்சொன்னார். இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே பெரிய மெசின் வெள்ளைத் துண்டு போர்த்திக் கிடந்தது. முன்பெல்லாம் அவரிடம் கடையில் விற்கிற சாதாரணக் கீபோர்டுகள்தான் இருந்தன. இது அவர் சென்னைக்குப் போய்ப் பல கடை ஏறி இறங்கி வாங்கிவந்தது. முகப்பு முழுக்கத் திருகுகள். கட்டையை அழுத்தினால் மட்டும் போதாது, திருகுகளைத் திருகித் திருகிச் சத்தத்தை நாமே உண்டாக்க வேண்டும். அதன் சின்னத் திரையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருப்பார். திருகிச் சேமித்து வைத்த எந்த டோன் எந்த எண்ணில் இருக்கிறது என்று வேறு குழுக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்துவிடக் கூடாதாம். எங்கள் பக்கத்துக் கீபோர்டுக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் துண்டைப் போடுவார், ஒருவர் மாலையைத் தொங்கவிடுவார்.

"ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும்" என்றார் அத்தான். "அந்தப் படத்துல அடியில ஒரு சத்தம் போட்டிருக்கியே, அது எங்கன எடுத்த?"

"காத்தாடிச் சத்தம் அத்தான். நான் ஸ்கூலுக்குப் போற வழியில நிக்குல்லா, அது."

"காத்தாடி."

"ஆமா. கரண்டு எடுக்கிற காத்தாடி. பஸ்ஸை விட்டு இறங்கி போன்ல பிடிச்சேன்."

"எனக்கே காது குத்துதியா?"

துண்டை எடுத்தார். மெசினைப் போட்டார். இடதுகையால் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலதுகையால் ஒரு திருகை மெல்ல நகர்த்தினார்.

வூம். வூம்.

அச்சு அசல் அதே சத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். ஏறுகிற விதமும், உச்சியில் கொஞ்சம் கரகரத்துவிட்டு விழுகிற விதமும் ஒன்றாகத்தான் இருந்தன.

"இது மெசினோட வந்த டோன் இல்ல" என்றார். "மாசக்கணக்கா உக்காந்து நான் திருகி உண்டாக்குனது. போன சித்திரைக் கொடையில சாமி இறங்குததுக்கு முன்னாடி இதைத்தான் விட்டேன். நீயும் அங்கன கூட்டத்துல நின்ன. இதைக் கேட்டதும் ஆட்டம் எப்படிப் பிடிச்சிச்சுன்னு பாத்தல்லா?"

பார்த்தேன். மேளம்கூட நின்றுபோய், இந்தச் சத்தம் மட்டும் நெஞ்சுக்கூட்டுக்குள் உருண்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. அத்தானுக்கு அன்றிலிருந்து ஒரு நம்பிக்கை. சாமி மேளத்துக்கு வரவில்லை, தன் டோனுக்குத்தான் வந்தது என்று. வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அந்த மெசினுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைக்கிறவர் அவர்.

"நான் ஊர்ல இல்லாதப்ப நீ மேல வந்து போயிருக்க. பதிஞ்சு கொண்டுபோயிருந்தா கொண்டுபோனேன்னு சொல்லிரு. நான் கோவப்பட மாட்டேன்."

"நான் அதைத் தொட்டதுகூட இல்ல அத்தான்."

"தொட்டாத்தானா எடுக்க முடியும்?"

கீழே இறங்கி வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். "அவிய உன்னைக் கள்ளின்னு நெனைக்கல. இத்தனை பாடுபட்டு வாங்குன மெசின்ல அவியளுக்குன்னு கிடைச்சது அந்த ஒரு சத்தந்தான். அது எங்கன வேணும்னாலும் கிடைக்கும்னு ஆயிட்டுன்னா அவிய எங்க போவாவ?" என்றாள். இசையைப் பற்றி அக்கா பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மடிக்கணினியைத் திறந்து அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். ஆடி மாதம், காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு சாயங்காலம் பிடித்தது. இருக்கிறது. அத்தானிடம் போட்டுக் காட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே அவர் என்ன சொல்வார் என்பதும் தெரிந்துவிட்டது. கணினி படித்தவள், எதையும் எதன் மேலும் ஒட்டுவாள். சந்தேகப்படுகிறவரிடம் கணினியைத் திறந்து காட்டுவதைப் போல வீண் வேலை கிடையாது.

ஆனால் அத்தானே ஒரு வழி சொன்னார். பொங்கல் கழிந்து ஒருநாள் போன் செய்தார். "சரி, அந்தக் காத்தாடியைக் காமி. நானும் பிடிக்கேன். அந்தச் சத்தம் வந்தா ஒத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய பைக்கில் போனோம். அவர் தோளில் ஒரு பை. குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்ய வைத்திருக்கிற நல்ல ரெக்கார்டர் அதில் இருந்தது. பசுவந்தனை ரோட்டிலிருந்து பிரிகிற வண்டிப்பாதையில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தோம். உளுந்து எடுத்து முடித்த காடு. மண் இறுகி வெடிக்கத் தொடங்கியிருந்தது. காத்தாடி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தையில் அந்தப் பக்கம் பெரிய காற்று இருக்காது. இந்தக் காற்றுக்கு அந்தச் சத்தம் வருமா என்று தோன்றியது.

அத்தான் முக்காலியை விரித்து வைத்தார். ரெக்கார்டரை அதன் தலையில் மாட்டினார். காற்று நேரே மைக்கில் அறையாமலிருக்க அதன்மேல் சாம்பல் நிற ரோம உறை ஒன்றைப் போட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, ஒரு கம்பு நுனியில் பூனைக்குட்டியை உட்காரவைத்து, அதற்கு முன்னால் ஹெட்போனால் காதை மூடிக்கொண்டு ஒரு ஆள் குனிந்து நிற்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

உடைமரங்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய நடுவயது ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் ஆடுகளை விட்டுவிட்டு ஒரு பெண்ணும் வந்தாள். தலையில் துண்டு, கையில் தொரட்டி.

"யாரு நீங்க? என்னத்த அளக்கீங்க?" என்றார் முன்னால் வந்தவர்.

"அளக்கல அண்ணாச்சி. சும்மா சத்தம் பிடிக்க வந்தோம்."

"சத்தத்தப் பிடிச்சு?"

அவர்கள் இருவரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். சேனு என்கிற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. காட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். காத்தாடிக்கும் சோலாருக்கும் நிலம் கேட்டுப் புரோக்கர்கள் அலைகிற காலம் அது. முதலில் இப்படித்தான் யாராவது ஒருவர் வந்து முக்காலி வைப்பார், பின்னாலேயே பத்திரத்தோடு கார் வரும்.

ஆட்டுக்காரப் பெண் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ள முன்னாடியே வந்திச்சு" என்றாள். "ஆடிக் காத்துல, இதே இடத்துல. போனை நீட்டிப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு. நான் பாத்தேன்."

என்னால் அத்தானைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அதே சாட்சி அந்த இரண்டு பேருக்கும் வேறு மாதிரி விழுந்தது.

"அப்ப இது மொத தடவ இல்ல" என்றார் முன்னால் வந்தவர். குரல் மாறிவிட்டது. "மொத தடவ போன்ல படம் பிடிச்சாச்சு, இப்ப மெசினோட வந்தாச்சு. எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லண்ணே, நான் டீச்சர்."

"டீச்சருக்கு இங்கன என்ன சோலி?"

போனோடு தனியாக வந்த அன்று என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று அந்த ரோமப் பூனையும் முக்காலியும் எங்களைத் திருடர்களாக்கிவிட்டன. பின்னால் நின்றவர் அதற்குள் அத்தானின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். "இவிய கச்சேரிக்காரர்லா? எங்க சம்பந்தி ஊர்க் கொடைக்கு வந்து வாசிச்சாவளே" என்றார். அதன் பிறகு கொஞ்சம் இறுக்கம் விட்டது. அத்தான் விஷயத்தைச் சொன்னார், அதாவது பாதி விஷயத்தை. பாட்டில் போடுவதற்குக் காத்தாடிச் சத்தம் வேண்டும் என்றார்.

முன்னால் வந்தவர் சிரித்துவிட்டார். "ராத்திரி பகல்னு எங்களை உறங்கவிடாத சத்தம். மொத்தத்தையும் பிடிச்சுக் கொண்டுபோயிருங்க, புண்ணியமா போவும்."

ஆனாலும் அவர் போகவில்லை. பதிவு முடிகிறவரை எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும்போதெல்லாம் செருப்பு கிறீச்சிட்டது. போங்கள் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது. அவருடைய காடு.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அறையைத் திறந்து, பெரிய ஸ்பீக்கரில் பதிவைப் போட்டார். துல்லியமாக இருந்தது. இறகு ஒவ்வொன்றும் காற்றை வெட்டுவது தனித்தனியாகக் கேட்டது, ஈரத்துணியை உதறுகிற மாதிரி. ஒரு ஆடு தும்மியது. செருப்பு கிறீச்சிட்டது. வூம் மட்டும் இல்லவே இல்லை.

அத்தான் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து ஓட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து ஆடி மாதப் பதிவை, வெட்டாமல் இழுக்காமல், பிடித்தது பிடித்தபடி போட்டேன். வூம், வூம் என்று அறை அதிர்ந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் பதிவு முடிகிற இடத்தில் காற்றோடு காற்றாக ஒரு பெண்குரல் வந்தது. "ஏம்மா, யாருக்குப் போன் போடுத? இங்கன டவர் எடுக்காது."

அத்தான் கண்ணைத் திறந்தார். காலையில் கேட்ட அதே குரல். அந்த ஆட்டுக்காரப் பெண் அன்று அப்படிக் கேட்டுவிட்டுப் போனது எனக்கே மறந்திருந்தது.

"அவதான்" என்றார்.

"அவதான்."

"அப்ப நீ அங்கன பிடிச்சதுதான். ஆனா எனக்கு ஏன் வரல?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. இருவரும் மாற்றி மாற்றி இரண்டையும் கேட்டோம். சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறியது. கடைசியில் அத்தான்தான் கண்டுபிடித்தார். கச்சேரி மைக்குகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர். என் போனின் மைக் மலிவானது. பேச்சுக்கு வைத்தது. ஆடிக் காற்று நேரே அதன் வாயில் போய் அறைந்திருக்கிறது. தாங்க முடியாமல் அது திணறியிருக்கிறது. சத்தம் அதிகமானால் போன் தானாகவே அமுக்கும், குறைந்தால் தானாகவே தூக்கும். அந்த அமுக்குதலும் தூக்குதலும்தான் வூம், வூம். காத்தாடி சும்மா பக்கத்தில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"பாத்தியா" என்றார் அத்தான். அவர் முகம் தெளிந்துவிட்டது. "இது காத்தாடிச் சத்தமும் இல்ல, நீ போட்ட சத்தமும் இல்ல. உன் போன் மூச்சுமுட்டுன சத்தம்."

அவருக்கு நிம்மதி. எனக்கு அன்றைக்கு வந்தது வேறு. களவாண்டாயா என்ற கேள்வியிலிருந்து தப்பித்து, நீ என்னதான் செய்தாய் என்ற கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டேன். அந்த போன் இப்போது என்னிடம் இல்லை. தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியிருந்தேன். அடுத்த ஆடியில், காற்று ஏறியதும், புதிய போனோடு அதே இடத்துக்குப் போனேன். நல்ல போன். காற்றின் இரைச்சலை அதுவே துடைத்துவிட்டுத் தருகிறது. பதிவில் மிஞ்சியது என் மூச்சு.

இது நடந்த நாட்களில் நான் எதையும் நம்பாதவளாகிவிட்டேன். பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். இந்த மணிச்சத்தம் நான் தேர்ந்ததா, அந்த மென்பொருள் முதல் வரிசையில் வைத்திருந்ததால் கைக்கு வந்ததா? இந்த இடைவெளி நான் விட்டதா, என் மடிக்கணினி ஒரே நேரத்தில் இத்தனை சத்தத்துக்கு மேல் தாங்காது என்பதால் விழுந்ததா? என் இசையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கிறது, வெட்டவெளி இருக்கிறது என்று குறும்படக்காரன் புகழ்ந்திருந்தான். அந்த வெட்டவெளி என் மடிக்கணினியின் இயலாமையாக இருக்கலாம்.

ஒருநாள் அத்தானிடம், உங்கள் மெசினை நான் ஒரு பகல் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் தயங்கினார். "கூட நான் இருக்கலாம்லா?" என்று கேட்டார். வேண்டாம், தனியாகத்தான் என்றேன். என்ன நினைத்தாரோ, ஒரு சனிக்கிழமை கச்சேரிக்கு எட்டயபுரம் போகும்போது சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் டேப் அப்படியேதான் இருந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை.

வெறும் திருகுகளைக் கொண்டு தொடங்கினேன். முதலில் எனக்கென்று ஏதேதோ செய்துபார்த்தேன். ஆனால் அந்த மெசினில் சில திருகுகள் பெரியவை, கைக்கு வாகானவை. சில சின்னவை, ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பவை. கை தானாகப் பெரியவற்றுக்குத்தான் போகிறது. பெரியதைத் திருகினால் சத்தம் கொழுக்கிறது, கொழுத்ததும் நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றுகிறது, இன்னும் கொஞ்சம் திருகத் தோன்றுகிறது. மத்தியானத்துக்குள் ஒரு சிறு துண்டு செய்துவிட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் விட்டேன்.

கீழேயிருந்து அக்கா சத்தம் கொடுத்தாள். "அவிய அதுக்குள்ள வந்துட்டாவளா?"

அப்படியே அழித்துவிட்டேன். மெசினுக்குத் துண்டைப் போர்த்தினேன். அக்கா ஒன்றும் தெரியாதவள், அவளுக்கு அது அத்தான் வாசிப்பதாகவே கேட்டிருக்கிறது. அரைநாளில் நான் அத்தானாகிவிட்டேன்.

படியிறங்கும்போதுதான் அந்த இன்னொரு எண்ணம் வந்தது. சித்திரையில் கொடைக் கூட்டத்தில் நின்று அத்தானின் டோனைக் கேட்டேன். ஆடியில் காத்தாடிக்குக் கீழே போனை நீட்டினேன். அன்று பிடித்ததில் எத்தனையோ விதமான சத்தம் இருந்தது, இலைச் சலசலப்பு, ஆட்டு மணி, ரோட்டில் லாரி. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு அந்த வூம்-ஐ மட்டும் ஏன் வெட்டி எடுத்தேன்? அது நன்றாயிருக்கிறது என்று என் காதுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான் அந்த மெசினைத் தொடவில்லை. ஆனால் அது என்னைத் தொட்டிருக்கலாம். தொட்டால்தானா என்று அத்தான் கேட்டது வேறு அர்த்தத்தில். இருந்தாலும் அவர் சந்தேகத்தில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது என்று பட்டது.

அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அடுத்த வாரம் அவர் வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாக விளக்கினேன். கையால் எடுக்கவில்லை, காதில் தங்கியிருக்கலாம், அதுதான் பதிவைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், கருவி வேலைசெய்கிற விதம் இப்படியும் இருக்கலாம் என்றெல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். "இதைத்தானே நான் மொதல்லயே சொன்னேன்."

இரண்டு நாளில் அவருடைய குழுவில் பேடு என்கிற மின்தாளக் கருவி வாசிக்கிறவர் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "பரவால்ல டீச்சர், உண்மைய ஒத்துக்கிடுததுக்கும் ஒரு மனசு வேணும்லா" என்றார். நேரே அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் முழுவதையும் கேட்டாள். "நீ ஏட்டி அவியகிட்ட இருக்கலாம், இருக்கலாம்னு பேசுத? அவியளுக்கு ஆமா, இல்ல, இந்த ரெண்டுதான் காதுல விழும்" என்றாள். பிறகு அவளே வீட்டில் சண்டை போட்டிருக்கிறாள். அத்தான் ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். அம்மாவோடு மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தப் பேடுக்காரன் ஒரு மாதிரி. அவன் சொன்னதைப் பெருசா எடுத்துக்கிடாத" என்றார். பேடுக்காரரிடம் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

அதன்பிறகு நாங்கள் பேசுகிறோம், நன்றாகவே பேசுகிறோம். இசையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இந்த வருஷம் குறும்படக்காரன் மறுபடி கூப்பிட்டான். இரண்டாவது படம் எடுக்கிறான். "அதே மாதிரி அடிச்சத்தம் வேணும்" என்றான். அதைப் பிடித்த போன் இப்போது இல்லை, அது திரும்ப வராது, வேறு ஒன்று செய்து தருகிறேன் என்றேன். அவன் சிரித்தான். "எந்த சாஃப்ட்வேர்னு மட்டும் சொல்லேன், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சாஃப்ட்வேர் இல்ல. ஒரு பழைய போன். அதுல காத்து அடிச்சது."

"சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடு" என்றான்.

நான் செய்து அனுப்பிய புதிய துண்டு அவனுக்குப் பிடிக்கவில்லை. படம் வெளிவந்தபோது பார்த்தேன். தொடக்கத்திலேயே வூம், வூம் என்று அந்தச் சத்தம். யாரிடமோ வாங்கியிருக்கிறான். பெயர் போடும் இடத்தில் இசை என்று ஒரு ஸ்டுடியோவின் பெயர்தான் இருந்தது, நான் கேள்விப்படாத பெயர். அத்தானுடைய டோனாக இருக்குமா என்று ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். உச்சியில் கரகரப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆளில்லாத வீட்டுக்குள் கேமரா நுழைகிற காட்சி அது. என்னுடையதைக் கேட்டால் தூரத்தில் யாரோ காத்திருக்கிற மாதிரி இருக்கும் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டால் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. காட்சிக்கு அதுதான் பொருத்தம். என்னால் அதைச் செய்திருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடும்பக் குழுவில் அந்தப் படத்தை யாரோ போட்டார்கள். சித்தி கைகூப்பினாள். போனமுறை ஒன்றும் போடாத அத்தான் இந்தமுறை உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கினார். நான் அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பத்தாம் வகுப்புக்கு வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்தேன்.